அலுவலகக் கணினியின் இணையத்தை டேப்லெட்டுக்குப் பகிர்ந்தேன்: வைஃபை இணைகிறது, இணையம் வரவில்லை

கத்திரிமேசை எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், துணிப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வரும் ஒவ்வொரு ரோலையும் வெளிச்ச மேசையில் ஓடவிட்டு, 4 புள்ளி முறையில் குறைகளைக் குறிப்பது என் வேலை. 3 அங்குலத்துக்குள் இருக்கும் குறைக்கு 1 புள்ளி, 9 அங்குலத்தைத் தாண்டினால் 4 புள்ளி என்று தாளில் எழுதி, மாலையில் அதையே மீண்டும் கணினியில் கூகுள் ஷீட்டில் ஏற்றுகிறோம். ஒரே கணக்கை இரண்டு முறை எழுதுவது வீண் என்று தோன்றியதால், என் சொந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டைக் கொண்டுவந்து மேசையருகிலேயே படம் எடுத்து நேரடியாகப் பதியலாம் என்று நினைத்தேன்.

டேப்லெட்டில் சிம் போடும் வசதி கிடையாது. நாங்கள் இருப்பது தரைத்தளக் கிடங்கு. மேலே இரண்டு தளம் கான்கிரீட் இருப்பதால் கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் வந்தாலே அதிசயம். ஊழியர்களுக்கு வைஃபை இல்லை. மேசைக்குப் பக்கத்தில் விண்டோஸ் 10 உள்ள கணினி ஒன்று லேன் கேபிளில் இணைந்திருக்கிறது, அதில் இணையம் நன்றாகவே வருகிறது. எனவே சிறிய யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றை வாங்கிச் செருகி, செட்டிங்ஸில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை இயக்கினேன். டேப்லெட் உடனே பெயரைக் காட்டியது, கடவுச்சொல்லை ஏற்றது, 192.168.137 என்று தொடங்கும் முகவரியும் கிடைத்தது. ஆனால் வைஃபை குறியின் அருகில் ஆச்சரியக்குறி வந்து நிற்கிறது. 'இணைக்கப்பட்டுள்ளது, இணையம் இல்லை' என்கிறது. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. அதே நேரத்தில் கணினியில் குரோம் தடையில்லாமல் ஓடுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ரோல் மாற்றும் நேரத்தில் டேப்லெட்டை மூடிவைத்துவிட்டுத் திரும்பி வந்தால், ஹாட்ஸ்பாட் தானாகவே அணைந்திருக்கிறது. இரண்டுக்கும் என்ன காரணம் என்று சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


செப்புக்கம்பி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது, அதை முதலில் முடித்துவிடுவோம். மொபைல் ஹாட்ஸ்பாட் பக்கத்தின் அடியில் மின்சேமிப்பு என்று ஒரு பொத்தான் இருக்கும். எந்தச் சாதனமும் இணைந்திராவிட்டால் 5 நிமிடத்தில் ஹாட்ஸ்பாட்டை அணைப்பதே அதன் வேலை. டேப்லெட்டின் திரை அணைந்ததும் அதன் வைஃபையும் உறங்கிவிடுவதால், கணினி யாரும் இல்லை என்று கருதிக் கடையை மூடுகிறது. அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு 192.168.137 முகவரி கிடைத்ததே ஒரு நல்ல செய்தி, ஏனென்றால் அந்த முகவரியைத் தருவது விண்டோஸுக்குள் இருக்கும் இணைப்புப் பகிர்வு வசதிதான். கணினி தனக்கு 192.168.137.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு, டேப்லெட்டுக்கு ஒரு முகவரியைக் கொடுத்து, டேப்லெட்டிலிருந்து வருவதையெல்லாம் தன் பெயரில் லேன் கேபிள் வழியாக வெளியே அனுப்புகிறது. ஆகவே டாங்கிள், வைஃபை, கடவுச்சொல் எல்லாமே சரியாக இருக்கின்றன. சிக்கல் கணினிக்கும் டேப்லெட்டுக்கும் நடுவில் இல்லை. கணினிக்கும் வெளியுலகுக்கும் நடுவில் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு 'இணையம் இல்லை' என்று எப்படி முடிவுக்கு வருகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். வைஃபையில் சேர்ந்தவுடன் அது கூகுளின் ஒரு சிறு முகவரியைத் தட்டிப் பார்க்கிறது; அங்கிருந்து 204 என்ற எண், அதாவது 'சொல்ல ஒன்றுமில்லை' என்ற வெற்றுப் பதில், வர வேண்டும். அது வராவிட்டால் ஆச்சரியக்குறி. உங்கள் கணினியில் குரோம் ஓடுகிறது, டேப்லெட்டின் தட்டலுக்குப் பதில் வரவில்லை என்றால், குரோம் வேறொரு வாசல் வழியாகப் போகிறது என்று பொருள். பெரும்பாலான அலுவலகங்களில் அந்த வாசலின் பெயர் ப்ராக்ஸி, அதாவது எல்லோருடைய இணையக் கோரிக்கைகளையும் நடுவில் நின்று வாங்கி வெளியே அனுப்பும் கணினி. கணினியில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ப்ராக்ஸி என்று போய், 'அமைவு ஸ்கிரிப்ட்' என்ற இடத்திலோ அதற்குக் கீழோ ஏதாவது முகவரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.


பழைய பிரவுசிங் சென்டர் எழுதியது:

192.168.137.1 என்ற எண்ணைப் பார்த்ததும் பழைய நினைவு வந்துவிட்டது. இந்தப் பகிர்வு வசதி 1999-இல் விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்போடு வந்தது. ஒரு டயல்-அப் இணைப்பை வைத்து நான்கு கணினிகளுக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்கிய காலம் அது. அப்போது அதன் முகவரி 192.168.0.1. வீட்டு மோடம்களும் அதே எண்ணையே பிடித்துக்கொண்டதால் மோதல் வந்து, விண்டோஸ் 7 முதல் 137-க்கு மாற்றினார்கள். உங்கள் அலுவலக வலையமைப்பிலும் யாராவது 137-ஐ வைத்திருந்தால் இதே அறிகுறி வரும், தம்பி. அதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

விண்டோஸ் 7 வைத்திருக்கும் அன்பர்கள் இதைப் படித்தால், அங்கே ஹாட்ஸ்பாட் பொத்தான் கிடையாது என்பதை அறிந்துகொள்ளவும். அது விண்டோஸ் 10-இல் 2016 ஆண்டு நிறைவுப் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் கருப்புத் திரையில் 'ஹோஸ்டட் நெட்வொர்க்' கட்டளையைத் தட்டி எழுப்பி, பிறகு லேன் அட்டையின் பண்புகளில் 'பகிர்வு' தாவலுக்குச் சென்று கைமுறையாக இணைக்க வேண்டும். இன்றைய டாங்கிள்களில் பல அதை ஆதரிப்பதில்லை.

இவற்றையெல்லாம் விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. ஹாட்ஸ்பாட் சரிவரவில்லை என்பதற்காக வீட்டில் சும்மா கிடக்கும் வைஃபை ரவுட்டரை எடுத்து வந்து சுவரிலுள்ள லேன் துளையில் செருகிவிடாதீர்கள். நான் கடையை மூடிவிட்டு ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசைக்காரர் அதைத்தான் செய்தார். ரவுட்டரின் பின்புறம் நிறம் மாறிய துளை ஒன்றும், ஒரே நிறத்தில் நான்கு துளைகளும் இருக்கும். அவர் கேபிளைச் செருகியது அந்த நான்கில் ஒன்றில். அதனால் ரவுட்டர் எங்கள் தளம் முழுவதற்கும் தானே முகவரி வழங்கத் தொடங்கிவிட்டது. காலையில் கணினியை இயக்கியவர்களில் யாருக்கு அலுவலக சர்வர் முதலில் பதில் சொன்னதோ அவர்கள் தப்பித்தார்கள். ரவுட்டர் முந்திக்கொண்டவர்களுக்கு டேலியும் திறக்கவில்லை, பிரிண்டரும் கிடைக்கவில்லை. பகல் சாப்பாட்டு நேரம் வரை யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் அது அவருடைய மேசைக்கடியில், சாப்பாட்டுப் பைக்குப் பின்னால், பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.


கத்திரிமேசை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஐயா, நான் தம்பி இல்லை, தங்கை.

செப்புக்கம்பி சொன்னது சரியாகவே இருந்தது. ப்ராக்ஸி பக்கத்தில் 'அமைவு ஸ்கிரிப்ட்' இயங்கிக்கொண்டிருக்கிறது, அதற்கு ஒரு முகவரியும் இருக்கிறது. அந்த முகவரியை உலாவியில் தட்டியபோது ஒரு கோப்பு இறங்கியது. நோட்பேடில் திறந்தால் பத்துப் பதினைந்து வரிகளின் கடைசியில் 10-இல் தொடங்கும் ஓர் எண்ணும், அதன்பின் 8080-உம் இருந்தன. அதை டேப்லெட்டில் அந்த வைஃபையின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் சென்று, ப்ராக்ஸியைக் 'கைமுறை' என்று மாற்றி எழுதினேன்.

அதன்பின் நடந்தவை இவை. குரோமைத் திறந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பெட்டி வந்தது. கணினியில் காலையில் நுழையும்போது தருவதையே தந்தேன். பிறகு கூகுள் பக்கம் வருவதற்குப் பதிலாக 'உங்கள் இணைப்பு தனிப்பட்டது அல்ல' என்ற சிவப்பு எச்சரிக்கை வந்தது. வழக்கமாகக் கீழே 'பரவாயில்லை, தொடர்க' என்பது போல ஒரு வழி இருக்குமே, அது இங்கே இல்லவே இல்லை. ஷீட்ஸ் செயலியோ இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 137 மோதல் இல்லை, எங்கள் கணினியின் முகவரி 10-இல் தொடங்குகிறது.

இன்னும் ஒரு படிதான் மிச்சம் என்று தோன்றுகிறது. அது எது?


செப்புக்கம்பி எழுதியது:

ஒரு படி என்று நீங்கள் நினைப்பது உண்மையில் ஒரு சுவர். அது ஏன் என்று விளக்குகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் இரவெல்லாம் உட்கார்ந்து கண்ட செயலிகளையும் நிறுவி டேப்லெட்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் நிறுவனத்தின் ப்ராக்ஸி போக்குவரத்தைக் கடத்திவிடுவதோடு நிற்கவில்லை. பூட்டிய உறையில் போகும் கடிதத்தை நடுவழியில் திறந்து, வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதிய உறையில் போட்டுத் தன் முத்திரையைக் குத்தி அனுப்புகிறது. அலுவலகக் கணினியில் அந்த முத்திரையை நம்பச் சொல்லி நிறுவனத்தின் மூலச் சான்றிதழ் முன்பே நிறுவப்பட்டிருப்பதால் குரோம் அங்கே முணுமுணுப்பதில்லை. உங்கள் டேப்லெட்டுக்கு அந்த முத்திரை அந்நியம், எனவே சிவப்பு எச்சரிக்கை. கூகுள் போன்ற தளங்கள் 'எங்கள் சான்றிதழில் சிறு ஐயம் இருந்தாலும் உள்ளே விடாதே' என்று உலாவிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பதால்தான் 'தொடர்க' என்ற வழியும் மறைந்துவிட்டது.

அப்படியானால் அந்தச் சான்றிதழை டேப்லெட்டிலும் நிறுவிவிடலாமே என்று கேட்பீர்கள். நிறுவலாம், குரோம் வேலை செய்யவும் கூடும். ஆனால் 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் தாமே சேர்க்கும் சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. உங்களுக்கு வேண்டியது ஷீட்ஸ் செயலி. அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மேலும் டேப்லெட்டில் கைமுறையாக எழுதிய ப்ராக்ஸியை உலாவி மதிக்கும், எல்லாச் செயலிகளும் மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவற்றுக்கு மேல், உங்கள் சொந்தச் சாதனத்தில் நிறுவனத்தின் மூலச் சான்றிதழைப் போட்டுவிட்டால், அந்த வலையமைப்பில் இருக்கும் நேரத்தில் குரோமில் நீங்கள் பார்க்கும் தனிப்பட்ட அஞ்சலும் அதே நடுவழியில் திறக்கப்படலாம். என் டேப்லெட் என்றால் நான் செய்ய மாட்டேன்.


வேப்பமரத்தடி எழுதியது:

வைஃபையை விட்டுவிட்டு யுஎஸ்பி கேபிளில் முயன்று பாருங்கள். கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தருவது எல்லோருக்கும் தெரியும். அதைத் தலைகீழாக்கி, கணினியின் இணையத்தை ஆண்ட்ராய்டுக்குத் தரும் 'க்னிரெடெட்' என்ற கட்டற்ற மென்பொருள் 2017 முதல் கிடைக்கிறது. டேப்லெட்டின் பாதுகாப்புப் பூட்டை உடைத்து முழு அதிகாரம் பெறும் 'ரூட்' வேலை தேவையில்லை, ஆண்ட்ராய்டு 5-உம் அதற்கு மேலும் போதும். டெவலப்பர் அமைப்புகளில் யுஎஸ்பி டீபகிங்கை இயக்கிக் கேபிளைச் செருகினால், டேப்லெட்டின் மேல்பட்டையில் விபிஎன் குறியான சிறு சாவி தெரியும். எல்லாம் கேபிள் வழியாக ஓடும். டாங்கிளும் வேண்டாம். மின்சாரம் போனபோது வீட்டு மோடமின் வைஃபை கெட்டுப்போய், நான் ஒரு வாரம் இதை வைத்துத்தான் சமாளித்தேன்.


சர்வர் அறை எழுதியது:

கோவையில் ஒரு நூற்பாலையின் வலையமைப்பை நிர்வகிப்பது என் பிழைப்பு. மேலே சொல்லப்பட்டவை வீட்டுக்குச் சரி. நூலின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது எப்படித் தெரிகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் வேப்பமரத்தடி சொன்ன வழி. அந்த மென்பொருள் நல்ல மென்பொருள், மறுக்கவில்லை. ஆனால் அது டேப்லெட்டின் இணைப்புகளைக் கணினியிலிருந்து நேராக வெளியே திறக்கிறது, ப்ராக்ஸியைத் தேடிப் போவதில்லை. கத்திரிமேசையின் அலுவலகத்தில் ப்ராக்ஸி அல்லாத வழி அடைக்கப்பட்டிருப்பது ஆச்சரியக்குறியிலிருந்தே தெரிகிறது. எனவே அங்கே சாவிக்குறி மட்டும் தெரியும், இணையம் வராது. அலுவலகக் கணினியில் அனுமதியில்லாத நிரலை ஓட்டிய பழி மிச்சம்.

அடுத்து, 'கணினியின் பெயரில்தானே வெளியே போகிறது, யாருக்குத் தெரியப் போகிறது' என்ற எண்ணம் பலரிடம் உண்டு. தெரியும். வலையமைப்பில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் 'இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம்' என்று ஓர் எண் இருக்கிறது. விண்டோஸ் அதை 128-இல் தொடங்குகிறது, ஆண்ட்ராய்டு 64-இல். உங்கள் டேப்லெட்டின் பொட்டலம் கணினியைத் தாண்டும்போது ஒன்று குறைந்து 63 ஆகிறது. ஒரே மேசைக் கணினியின் முகவரியிலிருந்து 128-உம் 63-உம் கலந்து வந்தால், பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். இதற்குத் தனியாகக் கருவி வாங்க வேண்டியதும் இல்லை. ப்ராக்ஸிப் பதிவிலும் விண்டோஸ் கணினியின் முகவரிக்கு நேராக ஆண்ட்ராய்டு உலாவி என்று எழுதியிருக்கும், பக்கத்தில் பயனர் பெயரும் இருக்கும்.

அந்தப் பதிவு விளையாட்டு அல்ல. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் பதிவுகளை நிறுவனங்கள் 180 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். உங்கள் டேப்லெட்டில் தெரியாமல் வந்து உட்கார்ந்த ஒரு விளையாட்டுச் செயலி எங்காவது வம்பு செய்தால், பதிவில் நிற்கப்போவது உங்கள் பெயர். ஏமாற்ற நினைக்காதவரும் அந்தப் பதிவில் ஏமாற்றியவர் போலத்தான் தெரிவார். எங்கள் ஆலையில் டொமைனில் சேர்ந்த, அதாவது ஐடி பிரிவு ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும், கணினிகளில் இணைப்புப் பகிர்வையே கொள்கை வழியாக அடைத்து வைத்திருக்கிறோம்; ஹாட்ஸ்பாட்டை இயக்கப் போனால் 'சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற வரி மட்டும் சிவப்பில் நிற்கும். உங்கள் அலுவலகத்தில் அது திறந்திருப்பதற்குக் காரணம் அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கவனக்குறைவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. அந்தப் பெட்டியில் அலுவலகக் கடவுச்சொல்லைத் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். சில ப்ராக்ஸிகள் அதை மறையாக்கம் செய்யாமலேயே வாங்கிக்கொள்ளும், டேப்லெட்டும் அதை நினைவில் வைத்திருக்கக்கூடும். இன்றே மாற்றிவிடுங்கள்.

இப்போது என்ன செய்யலாம் என்பது. உங்கள் தேவை அலுவலக வேலை. நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களிடம் வரும் விண்ணப்பங்களில் பாதி 'வைஃபை வேண்டும்' என்ற ஒற்றை வரியாக வரும். அதை நான் என்ன செய்வது? ஆனால் யாராவது, 'இந்த இடத்தில், இந்த வேலைக்கு, இந்த ஒரு சாதனம், இந்த ஒரு சேவைக்கு மட்டும், காலை 9 முதல் மாலை 6 வரை தேவை. இதனால் ஒரு நாளில் இவ்வளவு நேரம் மிச்சம்' என்று எழுதினால், அதை மேலிடத்துக்கு அனுப்ப எனக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. நீங்கள் ஒரு மாலையில் எத்தனை ரோல்களை மறுபடி ஏற்றுகிறீர்கள், அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் எழுதிவைத்துவிட்டுக் கேளுங்கள். கிடங்கில் பார்கோடு ஸ்கேனர் இருக்கிறதா என்றும் சுற்றிப் பாருங்கள். இருந்தால், ஊழியர்களுக்கு வைஃபை இல்லை என்றாலும் கருவிகளுக்கு வைஃபை ஏற்கெனவே உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது.


பழைய பிரவுசிங் சென்டர் எழுதியது:

மன்னியுங்கள் அம்மணி, பெயரைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

சர்வர் அறை சொன்னதற்கு ஒரு சிறு பின்னிணைப்பு. அனுமதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வீட்டு வைஃபையில் ஷீட்ஸ் செயலியைத் திறந்து, உங்கள் கோப்பின் அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் 'ஆஃப்லைனில் கிடைக்கச் செய்' என்று வரும். அதன்பின் கிடங்கில் இணையமே இல்லாமல் பதிந்துகொண்டே போகலாம். மாலையில் இணையம் கிடைக்கும் இடத்தில் திறந்தால் தானாக ஏறிவிடும். அதே தாளில் அந்த நேரத்தில் வேறொருவர் திருத்திக்கொண்டிருந்தால் மட்டும் குழப்பம் வரும், எனவே உங்களுக்கெனத் தனித் தாளை வைத்துக்கொள்ளுங்கள்.


மஞ்சள் பை எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் சிறிய வடிவமைப்பு அலுவலகத்தில் மேக் கணினியும் ஐபேடும்தான். உரிமையாளரே அனுமதித்துவிட்டார். மேக் வைஃபையில் இருக்கிறது. அதிலிருந்து ஐபேடுக்கு வைஃபை வழியாகவே பகிர வழியில்லையா? விண்டோஸில் முடிகிறது என்று நண்பர் சொல்கிறார்.


செப்புக்கம்பி எழுதியது:

நண்பர் சொல்வது சரி. விண்டோஸ் ஒரே வைஃபை அட்டையில் ஒரு மெய்நிகர் அட்டையை உருவாக்கி வாங்கவும் கொடுக்கவும் செய்கிறது. மேக் அப்படிச் செய்வதில்லை. வைஃபையில் வாங்கியதை வைஃபையில் கொடுக்க அது ஒப்புக்கொள்ளாது. மேக்கை லேன் கேபிளில் இணைத்துவிட்டு, சிஸ்டம் செட்டிங்ஸில் பொது, பகிர்வு, இணையப் பகிர்வு என்று போய் வைஃபைக்குக் கொடுங்கள், ஐபேடுக்கு 192.168.2 என்று தொடங்கும் முகவரி வரும். லேன் துளையே பயனரைச் சரிபார்த்து உள்ளே விடும் 802.1எக்ஸ் முறையில் இருந்தால் மேக் பகிர மறுத்துவிடும், அங்கே வாதாடிப் பயனில்லை. ஐபேடில் யுஎஸ்பி-சி துளை இருந்தால், ஈதர்நெட் அடாப்டர் ஒன்றை மாட்டி லேன் கேபிளை நேராக ஐபேடிலேயே செருகிவிடலாம். உரிமையாளரின் அனுமதி இருப்பதால் எனக்கு அதுதான் மிக நேர்த்தியாகப் படுகிறது.


கத்திரிமேசை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மேலே பேசியவர்களுக்கு முடிவைச் சொல்லாமல் விடக் கூடாது.

அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன், டாங்கிளைக் கழற்றினேன். ஒரு வாரம் கணக்கு எழுதினேன். நாளொன்றுக்குச் சராசரியாக 40 ரோல். மறுபடி ஏற்றுவதற்கு மாலையில் ஐம்பது நிமிடம். அதில் பையருக்கு, அதாவது துணி வாங்குபவருக்கு, அனுப்பும் முன் திருத்த வேண்டி வந்த எண்கள், அதாவது தாளில் 3 என்று எழுதிக் கணினியில் 8 என்று தட்டியவை போன்றவை, வாரத்தில் ஆறு. இந்த ஆறு என்ற எண்தான் எங்கள் தர மேலாளரை அசைத்தது, ஐம்பது நிமிடத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்வர் அறை எழுதச் சொன்ன மாதிரியே இடம், வேலை, சாதனம், நேரம் என்று எழுதிக் கொடுத்தோம். ஹாட்ஸ்பாட்டை முயன்று பார்த்ததையும் அதிலேயே ஒரு வரியில் ஒப்புக்கொண்டேன். ஐடி பிரிவிலிருந்து வந்தவர் அந்த வரியைப் படித்துவிட்டு, 'அது நீங்கள்தானா' என்று மட்டும் கேட்டார். 63 என்ற எண்ணைத்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

கிடங்கின் நடுத்தூணில், நாங்கள் இத்தனை நாள் தீயணைப்பு எச்சரிக்கைக் கருவி என்று நினைத்திருந்த வெள்ளை வட்டுதான் ஸ்கேனர்களுக்கான வைஃபை. அதில் என் டேப்லெட்டையும் சேர்ப்பதாகச் சொல்லி அதன் மேக் முகவரியை, அதாவது வைஃபை கருவியின் அடையாள எண்ணை (மேக் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை), கேட்டார்கள். 'டேப்லெட்டைப் பற்றி' என்ற பக்கத்தில் இருந்ததை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் இணைத்தால் உள்ளே விடவில்லை. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தும் விடவில்லை. இரண்டு நாள் இதிலேயே போயிற்று.


சர்வர் அறை எழுதியது:

நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும், தவறிவிட்டது. ஆண்ட்ராய்டு 10 முதல் டேப்லெட் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகிறது; 'டேப்லெட்டைப் பற்றி' பக்கத்தில் இருப்பது உண்மை முகவரி. பதிவேட்டில் ஒரு பெயர், வாசலில் வேறு பெயர். அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் தனியுரிமை என்பதில் 'சாதனத்தின் மேக்கைப் பயன்படுத்து' என்று மாற்றினால் தீர்ந்தது. அடுத்த முறை எவர் முகவரி கொடுத்தாலும் அதன் இரண்டாவது இலக்கத்தைப் பாருங்கள். அது 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அனேகமாக அது சாதனம் தானே உருவாக்கிக்கொண்ட பொய் முகவரிதான்.


கத்திரிமேசை எழுதியது:

ஆம், ஐடி பிரிவினரும் மூன்றாம் நாள் அதையே கண்டுபிடித்தார்கள். வாசலில் தட்டிய முகவரியின் இரண்டாவது இலக்கம் 6.

இப்போது அந்த வைஃபையில் ஷீட்ஸும் டிரைவும் மட்டும் திறக்கின்றன, யூடியூப் வராது. அது எனக்கும் வேண்டியதில்லை. வைஃபை வட்டிலிருந்து என் மேசை கொஞ்சம் தொலைவு என்பதால், பரிசோதனை இயந்திரம் ஓடும்போது சில நேரம் படம் ஏறத் தாமதமாகிறது. அதற்காக ஆஃப்லைன் வசதியையும் அப்படியே வைத்திருக்கிறேன். நேற்று 43 ரோல் முடித்துவிட்டு ஆறு மணிப் பேருந்தைப் பிடித்தேன்.